நிர்வாகத்துக்கு போனா உயிரியல் மறந்துடுமா?
உயிரியல் பேராசிரியர் ஒருத்தர் பல்கலைக்கழக நிர்வாகம், ஆன்லைன் கல்வின்னு போயிட்டா அது அறிவியலுக்கு நஷ்டம்னு நான் படிச்ச ஒரு கட்டுரைல ஒரு வரி வருதே, அத என்னால ஏத்துக்க முடியல. நான் ராமேஸ்வரத்துக்கு பக்கத்துல இருக்குற மண்டபம் ஊரு பக்கம், எங்களுக்கு விலங்கியல் எடுத்த சாரும் பாதி சர்வீஸ்ல ஆபீஸ் சீட்டுக்கு போனவருதான், ஆனா அங்க உக்காந்துதான் உருப்படியா ஒன்னு செஞ்சாரு, நேரடி வகுப்பு தேதிய அமாவாசை பௌர்ணமிய ஒட்டி வராம பாத்து போட்டாரு, ஏன்னா அப்பதான் கடல் நல்லா வத்தும், அம்மா கூட கடல்பாசி எடுக்க போற பிள்ளைங்க கிளாசுக்கு வராதுங்க, இது கடல் தெரிஞ்ச ஆளுக்குத்தான் தோணும். அந்த கட்டுரைக்கு கருத்து போட்ட ஒருத்தர் வீடியோ பாத்து விலங்கியல் படிக்க முடியுமான்னு கேட்டிருக்காரு, ஏங்க, கடல் அட்டை 2001லயே வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வந்துருச்சு, பிடிச்சா கேஸு, அத மேஜைல வெட்டி காட்டவா முடியும்? 2017ல மத்திய அரசோட ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் வந்தப்ப எல்லாரும் பெருசா பேசினாங்க, இங்க தனுஷ்கோடி பக்கம் போனா போன்ல இலங்கை டவர்ல எடுக்குது, ஆன்லைன்ல வீடியோ பாக்க வழியில்ல, அதனால எங்க சார் வீடியோவ பென் டிரைவ்ல போட்டு குடுத்தாரு. என்ன, ஃபைல் பாக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எங்களோட கரைக்கு வர்றத சுத்தமா நிறுத்திட்டாரு, அந்த வருத்தம் மட்டும் எனக்கும் உண்டு.