பீஜப்பூரில் பாதி ஊர் மண்ணுக்கு அடியில் இருக்கிறது

வட கர்நாடகத்தின் பீஜப்பூர் (இன்றைய விஜயபுரா) போய் வந்தவர்கள் போடும் படங்களைப் பாருங்கள். கோல் கும்பஸ், இப்ராஹிம் ரோஜா என்ற சமாதிகள், மாலிக்-ஏ-மைதான் பீரங்கி, பாதியில் நின்ற பாரா கமான் சமாதி. நாலு இடம், அரை நாள். சாயங்காலமே பாதாமிக்கோ ஹம்பிக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த நாலும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் அந்த ஊரை விட்டுக் கிளம்பக் கூடாது. ஓரத்தில் ஆறு ஓடாத அந்த மேட்டு நிலத்தில், ஒரு பெரிய தலைநகரம் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் எந்தத் தண்ணீரைக் குடித்தது?

பீமா நதி வடக்கே தூரத்தில். கிருஷ்ணா தெற்கே, அதுவும் தூரம்தான். வருஷத்துக்குப் பெய்யும் மழை சராசரியாக 600 மில்லிமீட்டர் கூடத் தேறாது. மேலே கரிசல், கீழே தக்காணத்தின் எரிமலைக் கரும்பாறை. பாறை வெடிப்பில் தண்ணீர் இருந்தால் உண்டு, இல்லையென்றால் எவ்வளவு தோண்டினாலும் இல்லை. தக்காணத்தை ஆண்ட பாமினி அரசின் ஆளுநராக இருந்த யூசுஃப் ஆதில் கான் 1490-ல் தனியரசு தொடங்கியது இந்த மண்ணில்தான். 1686-ல் ஒளரங்கசீப்பிடம் விழும்வரை அவர் வழிவந்த ஆதில்ஷாகி சுல்தான்களின் தலைநகரம் இடம் மாறவில்லை. இதை வெறும் படைபலம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. அது தண்ணீர் வேலை.

முதலில் மதில். 1565-ல் தக்காண சுல்தான்கள் சேர்ந்து விஜயநகரத்தை வென்ற தலைக்கோட்டைப் போர் முடிந்தது. விஜயநகரத்திலிருந்து வந்து குவிந்த செல்வத்தில் முதலாம் அலி ஆதில் ஷா ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். சுற்றளவு சுமார் 10 கிலோமீட்டர். 96 கொத்தளங்கள், ஐந்து பெரிய வாசல்கள். உயரம் இடத்துக்கு இடம் 30 முதல் 50 அடி, சராசரி கனம் 20 அடி. வெளியே 40, 50 அடி அகல அகழி. கட்டிய முறை முக்கியம்: வெளிப்பக்கம் ஒரு கல்சுவர், உள்பக்கம் ஒரு கல்சுவர், நடுவில் மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, மேலே தளம் பாவி, கைப்பிடிச்சுவர் வைத்தார்கள். முழுக்கக் கல்லாலான சுவரில் பீரங்கிக் குண்டு பட்டால் அதிர்ச்சி கல்லுக்குக் கல் பரவிப் பிளக்கும். நடுவில் மண் இருந்தால் குண்டின் வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் இதே மண்தான் இன்று அந்த மதிலுக்கு எமன். மேல்தளம் பெயர்ந்தால் மழைநீர் உள்ளே இறங்குகிறது. வெளியேற வழி இல்லை. ஊறிய மண் உப்பி வெளிச்சுவரைத் தள்ளுகிறது. கல் சந்தில் ஒரு அரசங்கன்று முளைத்தால் போதும், வேர் மண்ணைத் தேடி உள்ளே போய்ச் சுவரைப் பிளந்துவிடும். சுவரின் வெளிமுகம் கர்ப்பிணி வயிறு மாதிரி புடைத்திருக்கும் இடங்களைக் கண்டால் விஷயம் இதுதான். அங்கே முகத்தில் சிமென்ட் பூசுவதைப் போலத் தப்பான வைத்தியம் வேறில்லை. உள்ளே இருக்கும் ஈரத்துக்கு இருக்கிற கொஞ்ச வழியையும் அது அடைத்துவிடும். முதலில் மேல்தளத்தைச் சுண்ணாம்புக் காரையில் சரிசெய்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் பார்க்க வேண்டும். வேரை வெட்டினால் மட்டும் போதாது, சாகடிக்க வேண்டும்.

இந்த மதிலைக் கட்டும் பொறுப்பு பிரபுக்களுக்குப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் ஒரு கொத்தளம் போல இன்னொன்று இருக்காது. ஒன்றில் கல் செதுக்கி அடுக்கியிருக்கும், அடுத்ததில் கரடுமுரடாகக் குவித்திருக்கும். நடந்து பார்த்தால் எந்தப் பிரபு மனசு வைத்துச் செலவு செய்தார் என்பதே தெரியும்.

சரி, 10 கிலோமீட்டர் மதிலுக்குள் இருக்கும் ஜனங்களுக்கும் குதிரைகளுக்கும் யானைகளுக்கும் தண்ணீர்? ஊருக்கு மேற்கே சில மைல் தள்ளி தோர்வி. நிலம் அங்கே மேடு. 16-ஆம் நூற்றாண்டிலேயே அங்கிருந்து நிலத்தடிச் சுரங்க வாய்க்கால் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பாரசீகத்திலிருந்து வந்த கரேஸ் முறை இது. பீதரிலும் இருக்கிறது. மேட்டில் ஊற்று உள்ள இடத்தில் தாய்க்கிணறு. அங்கிருந்து மெல்லிய சரிவில் பாறைக்குள் சுரங்கம். வழியில் அங்கங்கே செங்குத்துக் குழிகள். வெட்டிய மண்ணை மேலே ஏற்றவும், காற்றுக்கும், பின்னால் இறங்கித் தூர்வாரவும். இதில் கஷ்டமே சரிவுதான். சரிவு கூடினால் தண்ணீர் தரையை அரித்துச் சுரங்கத்தை இடித்துவிடும். குறைந்தால் வண்டல் தங்கி அடைத்துவிடும்.

முகம்மது ஆதில் ஷா காலத்தில் ஜனம் பெருகி, தோர்வித் தண்ணீர் போதவில்லை. 1651-ல் ஊருக்குத் தெற்கே பேகம் தலாப் ஏரி. அங்கிருந்து சுடுமண் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, சுற்றிலும் சுண்ணாம்புக் கட்டு கட்டி, தரைக்குக் கீழே 15 முதல் 50 அடி ஆழத்தில் ஊருக்குள் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் பீஜப்பூர் கொத்தனார்களின் மூளையைப் பார்க்க வேண்டும். சுடுமண் குழாய் அழுத்தம் தாங்காது. 33 அடி உயரத் தண்ணீர் நின்றாலே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் ஏறும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே மூச்சில் குழாய் போட்டிருந்தால் பள்ளத்தில் இருக்கும் மூட்டுகள் எல்லாம் வெடித்திருக்கும். அதற்காக வழிநெடுகக் கல்லாலான சதுரக் கோபுரங்களைக் கட்டினார்கள். அந்த ஊரில் இவற்றை கஞ்ச் என்பார்கள். 25 முதல் 40 அடி உயரம். அடியில் வரும் குழாய்த் தண்ணீர் கோபுரத்துக்குள் ஏறித் திறந்த வெளியைத் தொடும். அங்கே அழுத்தம் விட்டுப்போகும். மறுபடி அடுத்த குழாயில் இறங்கி அடுத்த கோபுரத்துக்குப் போகும். எந்தக் குழாய்த் துண்டின் மேலும் ஒரு கோபுர உயரத்துக்கு மேல் பாரம் ஏறாது.

அதே கோபுரம் இன்னும் மூன்று வேலை பார்த்தது. குழாயில் சிக்கிய காற்று அதன் வழியே வெளியேறிவிடும்; இல்லையென்றால் மேட்டு வளைவில் காற்று தேங்கித் தண்ணீரையே நிறுத்திவிடும். வேகம் குறைவதால் மண்ணும் சருகும் கோபுரத்தின் அடியில் தங்கிவிடும், வாரி எடுத்தால் போதும். நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழாயில் எங்கோ ஓட்டை. 50 அடி ஆழத்தில் எங்கே என்று தோண்டுவது? இந்தக் கோபுரத்தில் தண்ணீர் ஏறுகிறது, அடுத்ததில் ஏறவில்லை என்றால் பழுது அந்த இரண்டுக்கும் நடுவில். அவ்வளவுதான். கோபுரங்களே பழுது காட்டும் கருவி.

இந்தக் கோபுரங்கள் சில இன்னும் நிற்கின்றன. வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, விளம்பரத் தட்டி தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அது என்ன என்று சொல்ல ஒரு பலகை கிடையாது. கட்டியவர் பெயர் தெரிந்த சமாதிக்கெல்லாம் வேலி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது. ஊரையே உயிரோடு வைத்திருந்த குழாய்த்தடத்துக்கு ஒரு வரைபடம் கூடச் சுற்றுலாப் பயணி கையில் கிடைப்பதில்லை. இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். தனித்தனிக் கட்டடமாகப் பாதுகாத்தால் தாஜ் பாவடி ஒரு குளமாகவும், கஞ்ச் ஒரு மொட்டைக் கோபுரமாகவும்தான் தெரியும். கோர்த்துப் பார்த்தால்தான் அது ஒரே இயந்திரம்.

தாஜ் பாவடி என்றேன். பாவடி என்றால் படிக்கிணறு. மேற்கே மக்கா வாசல் பக்கம், சுமார் 1620-ல், சுல்தான் இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷா காலத்தில் வெட்டியது. ஒரு பக்கம் 223 அடி, ஆழம் 52 அடி. முன்னால் இரண்டு எண்கோணக் கோபுரங்களுக்கு நடுவே சுமார் 35 அடி அகல வளைவு. அதற்குக் கீழே படி இறங்குகிறது. வாசல் வழியாக ஊருக்குள் வரும் வழிப்போக்கர் தங்கச் சுற்றிலும் அறைகள். இதற்கு முன்மாதிரி ஷாப்பூர் வாசல் பக்கத்திலுள்ள சாந்த் பாவடி. முதலாம் அலி தன் மனைவி சாந்த் பீபி பெயரில் 1579-ல் வெட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாவடிகளில் பலவற்றைத் தூர்வாரினார்கள். நல்ல காரியம். ஆனால் ஒருமுறை வாரிவிட்டு விட்டுவிட்டால் குப்பையும் சாக்கடையும் சில மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடும். தண்ணீர் எடுக்கிற கிணறுதான் சுத்தமாக இருக்கும்.

தண்ணீரை ஆயுதமாகவும் அந்த ஊர் பயன்படுத்தியது. 1665 கடைசியில் மொகலாயத் தளபதி ஜெய்சிங் படையோடு வந்தார். பீஜப்பூர்க்காரர்கள் மதிலுக்கு வெளியே இருந்த ஏரிகளை வடித்து, கிணறுகளை மண் போட்டுத் தூர்த்து, நிழலுக்கு ஒரு மரம் இல்லாமல் வெட்டிப்போட்டார்கள். உள்ளே தண்ணீர் இருந்தது. வெளியே பாலைவனம். ஜெய்சிங் முற்றுகையே போடாமல் 1666 தொடக்கத்தில் திரும்பினார். 1685-ல் மொகலாயர் மறுபடி வந்தபோது ஒரு வருஷத்துக்கு மேல் முற்றுகை நீண்டது. 1686 செப்டம்பரில் கடைசி சுல்தான் சிக்கந்தர் ஆதில் ஷா சரணடைந்தார். அன்று அந்த ஊரைப் பணிய வைத்ததில் பீரங்கியைவிடப் பசிக்குத்தான் பங்கு அதிகம்.

கோல் கும்பஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி உலவும் தகவல்களில் பாதி தப்பு. "உலகின் இரண்டாவது பெரிய கும்மட்டம்" என்பது சரியில்லை. உள்விட்டம் சுமார் 124 அடி. ரோமின் பாந்தியன், புனித பேதுரு ஆலயம், பிளாரன்ஸ் பேராலயம் மூன்றுமே இதைவிட அகலம். இதன் நிஜப் பெருமை வேறு. கீழே ஒரு தூண் இல்லாமல் ஒரே கும்மட்டம் மூடும் தரைப்பரப்பு 18,000 சதுர அடிக்கு மேல். பாந்தியனுக்கு அது 16,000-ஐ எட்டாது. அங்கே வட்டத்தின் மேல் வட்டம். இங்கே சதுரத்தின் மேல் வட்டம். கஷ்டம் அதிகம்.

அந்தக் கஷ்டத்தை எப்படித் தீர்த்தார்கள்? அறை ஒரு பக்கம் 135 அடி. இரண்டு சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று, கோணம் திருப்பி வைத்தால் எட்டுமுனை நட்சத்திரம் வருமல்லவா, அந்தக் கோடுகளில் எட்டுப் பெரிய வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மேலே சாய்கின்றன. சுமார் 57 அடி உயரத்தில் அறை குறுகத் தொடங்குகிறது. 109 அடியில் திறப்பு 97 அடி வட்டமாகச் சுருங்கிவிடுகிறது. கும்மட்டத்தை அந்த விளிம்பிலேயே வைக்கவில்லை, பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். முன்னால் மிச்சமானதுதான் எல்லாரும் நின்று கத்தும் அந்த மாடம். பத்தடி கனமுள்ள கும்மட்டம் தன் பாரத்தால் வெளியே விரியப் பார்க்கும். உள்ளே துருத்தி நிற்கும் இந்த வளைவுகளின் எடை உள்ளே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஆக, மாடம் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. அதுதான் கும்மட்டத்தைக் கட்டிப் பிடித்திருக்கும் அரைஞாண்.

காலையில் திறந்ததும் முதல் ஆளாக ஏறுங்கள். கூட்டம் வந்தபின் கேட்பது வெறும் இரைச்சல். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, சுவரைப் பார்த்து, வீட்டில் பேசும் குரலைவிடத் தாழ்த்திப் பேசினாலும் எதிர்ப்பக்கம் கேட்கும். கத்துவதில் ஒரு பயனும் இல்லை.

இந்தக் கட்டடத்துக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. 1636-ல் ஷாஜகானோடு உடன்படிக்கை ஆனபின் வடக்குக் கவலை விட்டது, பீஜப்பூர் படைகள் தெற்கே திரும்பின. 1648 கடைசியில் செஞ்சி விழுந்தது. 1677-ல் சிவாஜி பிடிக்கும்வரை அது பீஜப்பூர் கையில்தான் இருந்தது. தஞ்சாவூரில் மராத்திய ஆட்சியைத் தொடங்கிய ஏகோஜியும் பீஜப்பூர் தளபதியாக வந்தவர்தான். இந்தத் தெற்குப் படையெடுப்புகளில் செல்வம் குவிந்த அதே வருஷங்களில்தான் கோல் கும்பஸ் எழுந்தது. முகம்மது ஆதில் ஷா இறந்து அதில் அடங்கியது 1656.

போகிறவர்கள் ஒரு நாளாவது தங்குங்கள். காலையில் கும்பஸ். வெயில் ஏறுமுன் மக்கா வாசல் பக்கம் தாஜ் பாவடி, அப்படியே வெளியே இப்ராஹிம் ரோஜா. அங்கே ஜன்னல்களை உள்ளிருந்து பாருங்கள். கல்லில் அரபு எழுத்தைச் செதுக்கி, எழுத்துக்கு நடுவே இருந்த கல்லை எடுத்துவிட்டார்கள். எழுத்தேதான் சன்னல் கம்பி, வெளிச்சம் அதன் சந்துகளில் வருகிறது. மதியத்துக்கு மேல் ஷெர்ஸா புர்ஜ் கொத்தளத்தில் மாலிக்-ஏ-மைதான் பீரங்கி: 1549-ல் அகமத்நகரில் வார்த்த 55 டன் வெண்கலம், வாய் சிங்கமுகம், பல்லிடுக்கில் யானை நசுங்கும். 1854-ல் அதை ஏலம் விட்டபோது கேட்ட விலை 150 ரூபாய்; விற்காமல் நிறுத்தினார்கள். பிறகு வெயில் தாழ்ந்ததும் ஊருக்குள் நடந்து, தெருவோரம் சதுரமாக, ஜன்னல் இல்லாமல் நிற்கும் கல் கோபுரம் ஒன்றைத் தேடுங்கள். ஒன்று கிடைத்துவிட்டால், அடுத்தது எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று நிலத்தின் சரிவே சொல்லிவிடும்.