கைடு கிடைத்தால் மட்டும் போதுமா?

எம்.எஸ்சி.யோ எம்.இ.யோ முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வைப் பற்றிப் பேச வரும் பிள்ளைகள் நாகர்கோவிலானாலும் மார்த்தாண்டமானாலும் ஆய்வு நெறியாளரைத் தேடி முதலில் கேட்பது, "பக்கத்துல எங்கயாவது கைடு கிடைப்பாங்களா சார்?" என்பதுதான். எதை ஆராயப் போகிறோம், அதற்கான கருவிகள் அங்கே உண்டா, மாதாமாதம் உதவித்தொகை வருமா என்பதெல்லாம் பதிவுக் கட்டணம் கட்டிய பிறகே நினைவுக்கு வருகிறது. அறிவியலிலும் பொறியியலிலும் உதவித்தொகை இல்லாத முழுநேர ஆய்வில் சேரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறைந்தது மூன்று ஆண்டுகள் நீளும் உழைப்பைக் குடும்பத்தின் கடனில் நடத்தச் சொல்வது நியாயமில்லை.

தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு, 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியுடன் கிடைக்கிறது. ஆனால் 2024 முதல் அதே தேர்வில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவும் இருக்கிறது. அதில் உதவித்தொகை கிடையாது, மதிப்பெண்ணும் ஓராண்டுக்கே செல்லும். "நெட் பாஸ்" என்று வீட்டில் இனிப்பு வழங்கும் முன் எந்தப் பிரிவு என்று பாருங்கள். இடம் கேட்கும்போதும் விதியை அறிந்திருப்பது நல்லது: ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம்.

மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் திருவனந்தபுரம் போய்வரும் நம் குடும்பங்கள், ஆய்வுக்கு மட்டும் களியக்காவிளையைத் தாண்ட ஏன் தயங்குகின்றன என்பது எனக்குப் புரிவதில்லை. நம் பேருந்து கடந்துபோகும் பாப்பனங்கோட்டிலேயே மத்திய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் தேசிய ஆய்வுக்கூடம் நிஸ்ட் இருக்கிறது. வலியமலையில் விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், விதுரையில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான ஐசரும் இருக்கின்றன. பெண்பிள்ளைகளைத் தூரத்தைக் காட்டித் தடுப்பவர்களிடம் இந்தப் பெயர்களைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஜே.ஆர்.எஃப். இல்லாதவர்களுக்குப் பேராசிரியர்களின் ஆய்வுத் திட்டங்களில் வரும் பணியிடங்கள் நல்ல வழி. சேரும் முன், அந்தப் பணியிலிருந்தே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யலாமா, திட்டம் முடிந்தபின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளிலும் பல ஆய்விடங்கள் சம்பளத்துடன் கூடிய வேலையாகவே விளம்பரமாகின்றன.

பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். குலசேகரத்து மாணவி ஒருவர், "தங்கள் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அதை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு பேராசிரியரின் அண்மைக் கட்டுரையைப் படிக்கச் சொன்னேன். எம்.எஸ்சி. திட்டப்பணியில் தாம் செய்த துத்தநாக ஆக்சைடு படலத்தை எந்த வெப்பநிலையில் பதப்படுத்தினார், எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் பதிவில் எந்த முகடு எதிர்பார்த்த இடத்தில் வரவில்லை, அந்தக் கட்டுரையின் முறை அதற்கு உதவுமா என்று கேட்டு அரைப் பக்கம் எழுதினார். நேர்காணலுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் பேராசிரியரைப் பார்த்த கையோடு திரும்பிவிட வேண்டாம். அங்கே ஆய்வு செய்யும் மாணவர்களுடன் ஒரு தேநீர் குடித்து, வாரத்தில் எத்தனை முறை நெறியாளருடன் உட்கார்ந்து பேச முடிகிறது, முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்கள், இடையில் விட்டுப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று விசாரித்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.