பதினைந்து ரூபாய் ரசீதும் பஸ் நிலையத்துச் சேறும்

சென்ற வாரம் அம்மாவைக் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்ப் பஸ் நிலையத்தில் பைக்கை நிறுத்திவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறுவதாகத் திட்டம். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பையன் ரசீது கிழித்துக் கொடுத்தான். மஞ்சள் தாள். நடுவில் பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்பு. தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக அச்சாகியிருந்தது; அதில் பேனாவால் 15 என்று எழுதியிருந்தான். அடியில் பொடி எழுத்தில், "வண்டிக்கும் பொருள்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல."

அங்கிருந்து இருபதடி தள்ளி, பஸ் வந்து நிற்கிற இடத்தில் சாக்கடை வழிந்து சேறாகிக் கிடந்தது. யாரோ புண்ணியவான் செங்கற்களை வரிசையாகப் போட்டிருந்தார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, ஒரு கண்ணில் புரை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்தாள். மூன்றாவது கல் ஆடியது. நான் கையைப் பிடித்திருந்ததால் விழவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, "காசு வாங்குகிறார்களே, நாலு சட்டி மண்ணை அள்ளிப் போட்டால் என்ன?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

வரி வேறு, கட்டணம் வேறு. இதை நான் சொல்லவில்லை, உச்ச நீதிமன்றம் 1954லேயே சொல்லிவிட்டது. நம் சென்னை மாகாண இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வந்த சிரூர் மடம் வழக்கில்தான் அந்த விளக்கம் வந்தது. வரி பொதுக் காரியத்துக்காக வாங்குவது. கொடுத்தவனுக்கு இன்னது திரும்ப வர வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. கட்டணம் அப்படியல்ல, ஒரு சேவைக்காக வாங்குவது. பைசாவுக்குப் பைசா ஈடு காட்ட வேண்டியதில்லை என்று பிற்காலத் தீர்ப்புகள் சற்றுத் தளர்த்தின. ஆனால் சேவைக் கட்டணமென்றால், வாங்குகிற காசுக்கும் செய்கிற வேலைக்கும் ஏதோ ஒரு தொடர்பாவது இருக்க வேண்டும்.

வண்டி வாங்கும்போது நாம் கட்டுகிற வரி மாநிலத்துக்குப் போகிறது. 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதம். நாங்குநேரியில் கட்டுகிற சுங்கம் தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு. அவற்றில் பஸ் நிலையத்துக்குப் பொறுப்பான பேரூராட்சிக்கு நேரடி உரிமை இல்லை. வண்டிகளிடமிருந்து அதன் கைக்கு நேராக வருவது பஸ் நுழைவுக் கட்டணம், பைக் நிறுத்தும் ஸ்டாண்டுக் கட்டணம், சந்தைக்கு வரும் லாரி, வேன்களிடம் வாங்குவது ஆகியவைதான். அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் பொறுப்புகள் இருக்கின்றன. 17ஆவது இனத்தைப் படித்துப் பாருங்கள். தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம், பொதுக் கழிப்பறை எல்லாம் ஒரே தொடரில் வருகின்றன. எழுதியவர்களுக்கு இவை ஒரே காரியம் என்று தெரிந்திருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே தாமிரபரணியைப் படகில் கடந்துகொண்டிருந்த ஜனங்களுக்காகச் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. இன்றும் அதன் மேல்தான் போகிறோம். உள்ளூர் மன்றங்கள் சாலையில் கேட் போட்டு மாட்டுவண்டிகளிடமும் மோட்டார்களிடமும் சுங்கம் வாங்கிய காலமும் இருந்தது. 1931இல் சென்னை மாகாண மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தபோது அந்தச் சுங்கங்கள் ஒழிந்தன. வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். வண்டியால் வரும் காசில் ஊருக்கும் பங்குண்டு என்பதை வெள்ளைக்காரன் அரசாங்கமே ஒப்புக்கொண்டிருந்தது.

இன்று அந்தத் தொடர்பு அறுந்துபோகிற இடம் குத்தகை. வருடத்துக்கு ஒரு முறை ஏலம் விடுகிறார்கள். அதிகம் கேட்டவருக்கு ஸ்டாண்டு போகிறது. அவர் கட்டுகிற தொகை பொது நிதியில் விழுந்து கரைந்துவிடுகிறது. அதன்பிறகு குத்தகைதாரருக்கு ஒரே கவலை, போட்ட காசை மார்ச் மாதத்துக்குள் எடுப்பது. கூட்டிப் பெருக்குவது அவர் வேலையில்லை, விளக்குப் போடுவது அவர் வேலையில்லை. பேரூராட்சியைக் கேட்டால் ஸ்டாண்டைக் குத்தகைக்கு விட்டாயிற்றே என்கிறார்கள். காசு வாங்குகிறவருக்குப் பொறுப்பில்லை, பொறுப்புள்ளவரிடம் காசில்லை. தொகையை அச்சடிக்காமல் பேனாவால் எழுதுவதும் இந்த ஏற்பாட்டில் பிறந்த வழக்கந்தான். அறிவித்த கட்டணம் என்னவென்று அந்த வளாகத்தில் எங்குமே எழுதி வைக்கவில்லை, நான் சுற்றிப் பார்த்துவிட்டேன்.

கவுன்சிலராக இருக்கும் என் பள்ளித் தோழனிடம் இதைச் சொன்னேன். "துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கே மாதாமாதம் திண்டாடுகிறோம், நீ இந்தக் காசைத் தனியாகப் பூட்டி வைக்கச் சொல்கிறாயே" என்று வருத்தப்பட்டான். அவன் கஷ்டம் உண்மைதான், அந்தச் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. ஆனால் அதற்குச் சொத்துவரி இருக்கிறது, மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி வரும் பங்கு இருக்கிறது. ஸ்டாண்டுக் காசையும் அந்தப் பானையிலேயே ஊற்றினால் பஸ் நிலையத்துச் சேற்றுக்கு எந்தக் காலத்திலும் முறை வராது.

அதே சமயம், வண்டிக்காரன் கொடுத்த காசை வண்டிக்காரனுக்கே செலவழிக்க வேண்டும் என்று வாதாடுகிற கார் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டவுனில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி ரத வீதியில் நடந்து பாருங்கள். நடப்பவனுடைய இடத்தைத்தான் வண்டிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே வாங்குகிற காசில் முதலில் நடைபாதை வர வேண்டும். குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம், வண்டிகளோடு வருகிற பிளாஸ்டிக் பையும் சோற்று இலையும் பன்னிரண்டு மாதமும் அந்த ஊருக்கு. அங்கே வாங்குகிற கட்டணம் குப்பை அள்ளுவதற்கும் பெண்கள் உடை மாற்றுகிற அறைக்கும் போனால் எந்தச் சுற்றுலாக்காரர் முகம் சுளிப்பார்?

எனக்கு வேண்டியது பெரிய சீர்திருத்தம் அல்ல. வண்டிகளிடம் வாங்குகிற காசுக்குத் தனிக் கணக்கு. அது முதலில், வாங்கின இடத்தின் தரைக்கும் வடிகாலுக்கும் விளக்குக்கும் கழிப்பறைக்கும் போக வேண்டும், மிஞ்சினால் நடைபாதைக்கு. சுத்தமாக வைத்திருக்கும் கடமையை ஏல நிபந்தனையிலேயே எழுத வேண்டும். இந்த வருடக் குத்தகை இவ்வளவு, இங்கே செலவு இவ்வளவு என்று வாசலில் ஒரு பலகை. பெயிண்டருக்கு அரை நாள் வேலை.

கடந்த மூன்று வருடக் குத்தகைத் தொகையையும், அதில் பஸ் நிலையத்துக்குச் செலவழித்ததையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிவிட்டேன். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் திங்கட்கிழமை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும், வந்ததும் இங்கே போடுகிறேன். அதற்குள் உங்கள் ஊர் ஸ்டாண்டில் வாங்கிய ரசீது சட்டைப் பையில் இருந்தால் படமெடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள், பேனாவால் எழுதிய தொகை தெரிகிற மாதிரி. அம்மாவை அடுத்த மாதம் மறுபடியும் அதே வழியாகத்தான் அழைத்துப் போக வேண்டும்.