டகோட்டாவின் உறுமலும் ஆவ்ரோவின் விசிலும்

1947 அக்டோபர் 27-இல் ஸ்ரீநகரில் நம் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கிய டகோட்டா விமானங்களைப் பற்றிப் படித்ததும், பல்லாவரத்து மொட்டைமாடி கண்முன் வந்துவிட்டது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தைச் சத்தத்தை வைத்தே அப்பா சொல்லிவிடுவார். டகோட்டாவுக்கு இரண்டு பக்கமும் 14 சிலிண்டர் பிஸ்டன் எஞ்சின். அந்த உறுமல் நெஞ்சுக்குள்ளேயே அதிரும். ஆவ்ரோ 748 விமானம் அப்படியில்லை. அதன் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் என்ற டர்பைன் எஞ்சின் காது கூச விசிலடிக்கும். ஃபாக்கர் ஃபிரண்ட்ஷிப் விமானத்திலும் அதே டார்ட்தான், அதனால் அப்பாவே சில நாள் தடுமாறுவார். "மேலே ஓடிப்போய்ப் பாருடா" என்பார். இறக்கை உடம்புக்கு மேலே இருந்தால் ஃபாக்கர், கீழே இருந்தால் ஆவ்ரோ. மாடியிலிருந்து நான் கத்துவேன். அப்பா இப்போது இல்லை. அந்த விசிலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் எனக்கு.