மான்ட்ரியலில் பணமும் இருந்தது, பிடியும் இருந்தது

சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், அன்று உலகம் விஞ்ஞானிகளின் சொல்லைக் கேட்டது, காலநிலை விஷயத்தில் இன்று கேட்க மறுக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, நடந்தது வேறு.

குளிர்பதனத்துக்குப் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் எழுதியது 1974இல். அவற்றைத் தயாரித்த நிறுவனங்கள், சான்று போதாது என்று பத்தாண்டுகளுக்கு மேல் வாதாடின. அண்டார்க்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்துக்கு மேலே வசந்த காலந்தோறும் ஓசோன் சரிந்து வருவதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்துகொண்டால் போதுமே என்று அமெரிக்க உள்துறைச் செயலர் டொனால்ட் ஹோடல் யோசனை கூறியதாகச் செய்தி வந்து கேலிக்குள்ளானது. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மான்ட்ரியலில் கையெழுத்தான ஒப்பந்தமும் முக்கிய வாயுக்களைப் பாதியாகக் குறைக்க மட்டுமே சொன்னது. இந்தியாவும் சீனாவும் அதில் சேரவில்லை.

நிலைமையை மாற்றியது 1990இல் லண்டனில் நடந்த, அந்த ஒப்பந்த நாடுகளின் கூட்டம் என்பேன். படலத்தைக் கெடுத்தவர்கள் பணக்கார நாடுகள், மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு நாங்கள் ஏன் கைக்காசைச் செலவழிக்க வேண்டும் என்பதே இந்தியாவின் கேள்வி. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி அதை விட்டுக்கொடுக்காமல் வாதிட்டார். விளைவாக, வளரும் நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்கும் பலதரப்பு நிதியம் பிறந்தது. 1991இல் சீனாவும் 1992இல் இந்தியாவும் உள்ளே வந்தன. மேட்டூர் உள்ளிட்ட சில ஊர்களில் இயங்கிய நமது ஆலைகள் இவ்வாயுக்களின் உற்பத்தியைக் கைவிட அந்த நிதியம் 8.2 கோடி டாலர் ஒதுக்கியது. 2010 என்ற காலக்கெடுவுக்கு முன்பே, 2008இல், இந்தியா உற்பத்தியை நிறுத்தியது.

பணம் ஒரு பக்கம் என்றால், பிடி இன்னொரு பக்கம். ஒப்பந்தத்தில் சேராத நாட்டோடு இந்த வாயுக்களை வாங்கவும் விற்கவும் உறுப்பு நாடுகளுக்குத் தடை இருந்தது; ஆகவே வெளியே நிற்பது லாபமில்லாத காரியமாயிற்று. ஒருமித்த கருத்து எட்டாவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் காலக்கெடுவை முன்னுக்கு இழுக்கவும் வழி இருந்தது.

காலநிலைப் பேச்சுவார்த்தையில் இவை எதுவும் ஒழுங்காக இல்லை. 1992இல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தம் உருவானது முதல் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. 2015இன் பாரிஸ் உடன்படிக்கையில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது, தவறினால் தண்டனை இல்லை. 2020க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் கொடுத்த வாக்கு 2022இல்தான் நிறைவேறியது. அதிலும் பெரும்பகுதி கடன்.

ஒரு சில நிறுவனங்கள் தயாரித்த குளிர்பதன வாயுவையும், மின்சாரம் முதல் சிமென்ட் வரை தாங்கி நிற்கும் நிலக்கரியையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்த வாயுக்களைத் தயாரித்த டூபாண்ட் போன்ற நிறுவனத்துக்கு மாற்றுப் பொருளை விற்றும் சம்பாதிக்க வழி இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு அது இல்லை. ஆனால் பிரச்சினை பெரியது என்பது பலவீனமான ஒப்பந்தத்துக்குச் சாக்காக முடியாது. மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழேயே 2016இல் ருவாண்டாவின் கிகாலியில், குளோரோஃபுளோரோகார்பனுக்கு மாற்றாக வந்து புவியைச் சூடாக்கும் எச்.எஃப்.சி. வாயுக்களைக் குறைக்க ஒத்துக்கொண்டார்களே. இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை வெப்பமேற்றத்தைத் தவிர்க்கக்கூடிய ஏற்பாடு அது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்ற இறக்குமதிகள் மீது, அவற்றைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு ஏற்ப எல்லைக் கார்பன் கட்டணத்தைக் கொண்டுவந்திருக்கிறது. மான்ட்ரியலின் பிடியை மட்டும் எடுத்துக்கொண்டு பணத்தை விட்டுவிட்ட ஏற்பாடு என்றே இதைப் பார்க்கிறேன். வசூலாகும் தொகை ஏழை நாட்டு ஆலைகளைச் சீரமைக்கத் திரும்பும் என்ற உறுதி அச்சட்டத்தில் இல்லை. அந்தக் கட்டணமே கூடாது என்று இந்தியா மன்றாடுவதைவிட, அந்த வருவாயை ஒரு பலதரப்பு நிதியத்தில் போடச் சொல்லி, லண்டனில் வாதிட்டதுபோல் பிடிவாதமாக வாதிடுவது நமக்கும் நல்லது, காற்றுக்கும் நல்லது.