கிழிந்ததைத் தானம் கொடுக்காதீர்கள்

போன வாரம் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே இருக்கும் துணி நன்கொடைப் பெட்டி நிரம்பி வழிந்தது. மேலே கிடந்ததைப் பார்த்தேன். கழுத்து தொளதொளத்த டீ-சட்டை, எலாஸ்டிக் போன உள்பாவாடை, நடுவில் நூல் நூலாகிவிட்ட படுக்கை விரிப்பு. சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. இதெல்லாம் தானமே இல்லை. நாமே உடுத்தாததை வேறு யார் உடுத்துவார்?

சரி, குப்பைக் குழாயில் போட்டால்? எரியாலைக்குப் போய், சாம்பல் செமாக்காவ் தீவில் சேரும். 1999ல் தொடங்கிய குப்பை நிரப்பிடம் அது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். 2021ல் மட்டும் சிங்கப்பூர் முழுக்கச் சேர்ந்த துணி, தோல் கழிவு 189,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது வெறும் 4 விழுக்காடு.

அதனால் நல்லதைக் கொடுங்கள், நைந்ததை வீட்டிலேயே வேலை வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. புடவை தூளியாகி, தூளி கால்மிதியாகி, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாகத் தேய்ந்துபோவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். இப்போது அதற்கு 'அப்சைக்கிளிங்' என்று பெயர் வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். அங்கே செய்வதும் பெரும்பாலும் சுவரில் மாட்டித் தூசி சேர்க்கிற சாமான்!

நான் செய்ததில் உருப்படியானது சட்டைத் திண்டு உறை. கணவருடைய கட்டம் போட்ட பழைய பருத்திச் சட்டை, காலர் மட்டும் பிய்ந்திருந்தது. பொத்தான் எல்லாவற்றையும் போட்டு, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தரையில் விரித்தேன். சோபாத் திண்டை மேலே வைத்துச் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டுச் சாக்பீஸால் கோடு. கோட்டின்மேல் நாலு பக்கமும் தைத்துவிட்டு அப்புறம்தான் வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் துணி நழுவிக் கோணலாகும். பிறகு பொத்தானைக் கழற்றினால் அதுவே வாய். அந்த வழியாகத் திருப்பித் திண்டை நுழைத்தால் முடிந்தது. ஜிப் வாங்கத் தேக்கா கடைத்தெரு வரை போக வேண்டாம். சட்டைப் பையைப் பிரிக்காமல் விட்டேன். அத்தை அதில் கோடாரித் தைலப் புட்டியை வைத்துக்கொண்டு, "சாய்ஞ்சா இடிக்குதும்மா" என்று என்னையே குறை சொல்கிறார்.

படுக்கை விரிப்பு நடுவில்தான் நைந்துபோகும், ஓரங்கள் பல வருடம் தாங்கும். ஓரத்தில் தலையணை உறை, நடுத்துண்டு தரை துடைக்க. பழைய துண்டை இரண்டாக மடித்துத் தைத்தால் குளியலறை வாசலுக்குக் கால்மிதி.

ஆனால் துணி என்ன ரகம் என்று பார்க்காமல் இறங்காதீர்கள். பளபளவென்று இருந்த சுடிதார் டாப்பை நாலாக மடித்துப் பிடிதுணி தைத்தேன். முதல் நாளே சூடான சட்டியில் இளகி ஒட்டிக்கொண்டது. பாலியெஸ்டர்! சட்டியைச் சுரண்டியே கை ஓய்ந்தது. இப்போதெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன். சட்டென்று உறிஞ்சினால் மேடை துடைக்க. முத்தாக உருண்டு நின்றால் அடுப்புப் பக்கமே விடுவதில்லை.

இன்னொன்று, தயவுசெய்து பை மட்டும் தைக்காதீர்கள். 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகள் பிளாஸ்டிக் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க ஆரம்பித்ததிலிருந்து எல்லார் வீட்டிலும் பை மலை. என் வீட்டில் பைகளைப் போட்டு வைக்கவே ஒரு பை இருக்கிறது.

பழந்துணி சேர்க்கவும் ஓர் அளவு வேண்டும். நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர், அதாவது சாமான் போட்டு வைக்கிற வெடிகுண்டுப் புகலிட அறை, ஏற்கெனவே பிதுங்குகிறது. எனக்கு ஒரே ஒரு கூடைதான். அது காலியாகும்வரை அடுத்த துணி உள்ளே வராது.

நேற்று இரவு கணவர் சோபாவில் சாய்ந்தபடி கேட்டார், "என் கட்டம் போட்ட சட்டை எங்கே, ரொம்ப நாளா காணோமே?" நான் வாயைத் திறக்கவில்லை. அத்தைதான் சிரித்துவிட்டார்.