தோள் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கருப்பைக்கு வெளியே கரு தங்குவது பற்றிய கட்டுரை பயனுள்ளது. அறிகுறிகளாக அடிவயிற்று வலி, இரத்தக்கசிவு என்று எழுதியவர் தோள்முனை வலியை விட்டுவிட்டார். கரு தங்கிய கருக்குழாய் வெடித்து வயிற்றுக்குள் சேரும் இரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்தினால் வலி தோளில்தான் தெரியும். எங்கள் திருகோணமலைப் பக்கம் அதை வாய்வு என்று சொல்லி இஞ்சியும் உள்ளியும் அவித்துக் கொடுத்துவிடுவார்கள்! மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு இந்த வலியோடு தலைசுற்றலும் வந்தால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. வெருகல், குச்சவெளி போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள் உடனே 1990 அம்புலன்ஸை அழைக்கலாம், காசில்லை.

இன்னொன்று. எல்ஆர்டி, அதாவது பிள்ளை பெறாதிருக்கக் கருக்குழாயைக் கட்டி வெட்டும் ஒப்பரேஷன், செய்தவர்கள் 'எனக்கு எப்படிக் கர்ப்பம்?' என்று இருந்துவிடுகிறார்கள். அது தவறுவது அரிது, ஆனால் தவறினால் கரு குழாயில் தங்கும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஒருமுறை இப்படி வந்தவர்களும் சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு கண்டதுமே மிட்வைஃபிடம் சொல்லி ஆரம்பத்திலேயே ஸ்கேன் செய்துகொள்வது நல்லது. வெடிப்பதற்கு முன் கண்டுபிடித்தால் பலருக்குக் கரு வளர்வதை நிறுத்தும் மெதொட்ரெக்சேட் ஊசியே போதும், குழாயை வெட்டி எடுக்க வேண்டி வராது.